பருத்திக் கூட்டத்தில் நீர் சிரித்த சிரிப்பு

உம் காரியம் முடிந்த கையோடு கடையைத் திறந்துவிட்டார்கள். இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது பூச்சி மருந்து வாடை தெருவுக்கே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். நீர் உயிரோடு கல்லாவில் உட்கார்ந்திருந்த நாளிலும் அந்த இடத்தை அப்படித்தான் கடப்பேன். மருந்துக்காக மட்டும் இல்லை.

மூச்சுவிட நேரமில்லாத நாள். விடியற்காலையில் உட்கார்ந்து தமிழாக்கிய வயல் வழக்குத் தீர்ப்பை, வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய பெரியவர் கையில் கொடுத்தேன். "செயிச்சிட்டமா, தோத்துட்டமா? அதை மட்டும் சொல்லும்" என்றார். தோற்றிருந்தார். அங்கிருந்து தறிக்கார முதலாளி வீடு. சேலையில் சாயம் போகிறதென்று பம்பாய் வியாபாரி இங்கிலீஷில் எழுதியிருந்தான். அவன் திட்டியிருந்ததையும் விடாமல் வாசித்துச் சொன்னேன். நானே திட்டியதுபோல முதலாளி முறைத்தார். பிறகு தபாலாபீஸ், மண்ணெண்ணெய் வரிசை.

கால் கடுத்துப்போய் டீக்கடைக்கு வந்தால், நம் கூட்டாளிகள் உம்மைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "பெரிய மனுசன் வே. யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சிருப்பாரா?" எல்லாத் தலைகளும் ஆடின. செத்தவுடன் யோக்கியனாகிவிடுவது இந்த ஊரில் எவ்வளவு சுலபம்! டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

குருவிகுளம் பக்கம் நடந்த பருத்திக் கூட்டம் அவர்களுக்கு மறந்திருக்கும். பருத்திக்கு அடிக்கிற பூச்சி மருந்துக்கு நீர் புதிதாக ஏஜென்சி எடுத்திருந்த வருஷம். கம்பெனி அதிகாரி வடக்கத்திக்காரன். "நீரு வாரும் வே. அவன் பேசுததை அப்படியே தமிழ்ல சொன்னாப் போதும்" என்று என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனீர். நட்புக்காக வந்தேன்.

கூட்டத்தில் ஆடு மேய்க்கிற ஒருவர் எழுந்தார். "அண்ணாச்சி, மருந்தடிச்ச காட்டுல ஆடு மேயலாமா?"

நான் இங்கிலீஷில் கேட்டேன். ரெண்டு வாரத்துக்கு எந்தக் கால்நடையையும் உள்ளே விடக் கூடாது, விட்டால் பிழைக்காது என்றான் அதிகாரி. அதை அப்படியே தமிழில் சொன்னேன். கூட்டம் சலசலத்தது. முன்வரிசையில் சிலர் எழுந்திருக்கப் பார்த்தார்கள். நீர் என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினீர்.

"நம்ம சாருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. ரெண்டு நாள்ங்கதை ரெண்டு வாரம்ங்காரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தீர். கூட்டமும் சிரித்தது. என்னவென்று புரியாமலே அதிகாரியும் சிரித்தான். "இல்லை, ரெண்டு வாரந்தான்!" என்று நான் கத்தியது முன்னால் இருந்தவர்களைத் தாண்டியிருக்காது. அன்று மருந்து நன்றாக விற்றது.

அடுத்த வாரமே அந்த ஆட்டுக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் செத்த குட்டி. மந்தையில் பாதி போய்விட்டதாம். உம் கடைக்குப் போயிருக்கிறார். "தப்பா மொழிபெயர்த்தவரைப் போய்க் கேளு" என்று நீர் அனுப்பிவைத்திருக்கிறீர். என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"நீரு சொன்னது என் காதுல விழுந்துச்சு அண்ணாச்சி. அவரு சிரிச்சாரு, நாங்களும் சிரிச்சிட்டோம்" என்றார்.

அவரைக் கூட்டிக்கொண்டு உம் கடைக்கு வந்தேன். டப்பாக்களை அடுக்குவதை நீர் நிறுத்தவில்லை. அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. "ஏவாரம்னா நாலும் இருக்கும். இதுக்குப் போயி ஒரு ஆட்டுக்காரனைக் கூட்டிக்கிட்டு வாரீராக்கும்?" அதுதான் நீர் என்னிடம் கடைசியாகப் பேசியது. பிறகு ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தால் நீர் சிரிப்பீர். நான் தேரைப் பார்ப்பேன்.

ஆனாலும் மனதின் ஒரு மூலையில் உமக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தேன். ஒருவேளை நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று உண்மையிலேயே நம்பியிருப்பீரோ? அறியாமையால் செய்திருந்தால் ஒருநாள் மன்னிக்கலாம் என்று.

காரியத்துக்காக மெட்ராஸிலிருந்து வந்திருந்த உம் மகன் இன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். உம் படத்துக்குக் கீழே அச்சடிக்க இங்கிலீஷில் இரங்கல் எழுதியிருந்தான். விவசாயிகளின் உற்ற தோழராம் நீர். தமிழாக்க வேண்டுமாம். பேனாவை எடுத்தேன்.

"அப்பா எப்பமும் சொல்லுவாவ மாமா, சங்கரங்கோயில்லயே இங்கிலீஷ் சுத்தமாத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்னு. அந்தக் காலத்துலேயே உங்களைத்தான் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவாவளாமே?"

பையன் பெருமையாகத்தான் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்? அப்படியானால் அன்று நீர் எல்லாம் தெரிந்தேதான் சிரித்திருக்கிறீர்.

எழுதிக்கொடுத்ததைப் படித்துவிட்டு, "நல்லாருக்கு மாமா" என்றான். நன்றாகத்தான் இருந்தது. அடுத்தவர் சொல்லும் பொய்யையும் பிழையில்லாமல் சொல்வது என் தொழில்.

அவன் போன பிறகு பேனாவை மூடி வைத்தேன். எத்தனையோ வருஷம் என்னோடு ஒன்றாகச் சுற்றிய நீர் போய்விட்டீரே, அழுகை வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. உம்மை ஒருகாலத்தில் மதித்தேன் என்ற கூச்சம்தான் வந்தது. நீர் போய்ச் சேர்ந்துவிட்டீர். அந்தக் கூச்சம் என்னிடம் இருக்கிறது.