தூங்காமல் எழுதிய பரீட்சை

அன்பு மகளுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் அப்பாவும் சௌக்கியம் என்று அவரே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு திரிகிறார். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். பகலில் அப்பா விரலில் கருவியை மாட்டிக்கொண்டு, ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று, பாஸ் என்று பால்காரர் வரைக்கும் காட்டுகிறார். நுரையீரல் டாக்டரம்மா இதற்கெல்லாம் மசியவில்லை. விழித்திருக்கும்போது கழுத்துத் தசையும் விலாத் தசையும் கைகொடுத்து மூச்சை இழுக்கின்றனவாம், கனவு வரும் தூக்கத்தில் அவையெல்லாம் கடையைச் சாத்திவிடுமாம். அப்புறம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள ஒரே தசைதான் கதி. முப்பது வருஷ சிகரெட்டில் உப்பிப்போன நுரையீரல் அதையும் தட்டையாக அழுத்தி வைத்திருக்கிறது. மூச்சு மேலோட்டமாகி ஆக்சிஜன் இறங்கும், தினமும் இறங்கினால் இதயம் தாங்காது என்றார். ஒரு ராத்திரி முழுக்கக் கருவியோடு தூங்கிவிட்டு வரச் சொன்னார்.

விடிய விடியத் தொண்ணூற்று மூன்று! அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மா கருவியில் பதிவாகியிருந்த ராத்திரி நாடித் துடிப்பைப் பார்த்துவிட்டு, ஐயா கண்ணையாவது மூடினாரா என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார். வாத்தியாராக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளின் சட்டைக் கையை மடித்துத் துண்டுத்தாள் பிடித்த மனுஷன், தன் தூக்கப் பரீட்சையில் தூங்காமலே காப்பி அடித்திருக்கிறார். கூட்டாளி யார் தெரியுமா? நீதான். அவர் போனைப் பார்த்தேன், அன்றைக்கு உன்னோடு நாலரை மணி நேரம். உனக்கு அங்கே பகல், அப்பா ஆசையாகப் பேசுகிறார் என்று நீயும் துணி மடித்துக்கொண்டே கதை கேட்டிருப்பாய். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சண்டை போட்டேன். ராத்திரிக்கு ஆக்சிஜன் மெஷின் எழுதிக் குடுத்துட்டா என்னை விமானத்துல ஏத்த மாட்டாங்க, பேத்தியை எப்பப் பார்க்கிறது என்றார். கோபம் போய் எனக்கு அழுகைதான் வந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு மெஷினோடும் வரலாமாம். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

வெள்ளிக்கிழமை மறுதேர்வு, கண்காணிப்பாளர் நான். அன்றைக்கும் உன்னைக் கூப்பிடுவார், எடுக்காதே. பேத்தி குரலைக் கேட்கணும் என்று செய்தி அனுப்புவார், மனசு கேட்காது, அப்போதும் எடுக்காதே. இங்கே விடிந்ததும் நீயே கூப்பிட்டு, மெஷினோடவே வாங்கப்பா என்று சொல்லிவிடு. குழந்தைக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் நன்றாக இருங்கள். இந்த ஒரு பரீட்சையில் அவர் தோற்கட்டும், எனக்கு அவர் வேண்டும்.

உன் அம்மா