அளவு சரியான ஊர்ச்சனம்

மார்ச் 3, ஞாயிறு

வழக்கம்போலத் தோல்வி. அத்தானுடைய டாங்கி கடைத்தெருவை இடித்துக்கொண்டு நேராக வந்து என் ஆட்களைப் பின்பக்கமாக அடித்தது. அந்தக் கடைத்தெருவின் அட்டை வீடுகளை ஒட்டியவன் நான். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வைத்திருந்தேன். "வீட்டுக்குள்ள ஆள் இருந்தா?" என்று கேட்டேன். "எங்க ஆளு? காட்டு" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே. பல் டாக்டர் சிரித்தார். எங்கள் மேசையில் மூன்றாவது ஆள் அவர். யார் எது சொன்னாலும் சிரிப்பார்.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அந்த மனுஷன் என்னிடம் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. சீட்டில் இல்லை, செஸ்ஸில் இல்லை, இந்தப் போர் விளையாட்டிலும் இல்லை. ஜெயித்துவிட்டு முதுகில் தட்டுவார் பாருங்கள், அதுதான் தாங்க முடியாது. இந்த நோட்டில்கூட அவரை 'அவன்' என்று எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. சனியன்.

சொல்லிவிட்டேன். இனி என் ஆட்டம். ஒரு ஊர், ஒரு பாலம். ஊர்ச்சனம் பாலத்தைக் கடந்து தப்பிக்க வேண்டும். அவர்களில் யார் அடிபட்டாலும் அடித்தவனுக்குப் புள்ளி குறையும். டாங்கியை வைத்துக்கொண்டு அப்போது என்ன கிழிக்கிறார் என்று பார்க்கலாம். டாக்டருக்குப் பிடித்துப்போயிற்று. அத்தான் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: "கொண்டு வா மாப்ளே. ஆனா அளவு சரியா இருக்கணும். அளவு தப்புன எதுவும் என் மேசையில ஏறாது."

அதற்கென்றே ஒரு மரக்குச்சி வைத்திருக்கிறார். பாதத்திலிருந்து உச்சந்தலை வரை இருபத்தெட்டு மில்லிமீட்டர், அங்கே ஒரு கோடு. ஒவ்வொரு பொம்மையையும் அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். பொம்மை என்று சொன்னால் வேறு கோபம் வரும், 'மினியேச்சர்' என்று சொல்ல வேண்டுமாம். பொம்மை. பொம்மை. பொம்மை.

மார்ச் 6, புதன்

வேலை முடிந்து கடை கடையாக ஏறி இறங்கினேன். படுத்துச் சுடுகிறவன் இருக்கிறான், முட்டி போட்டுச் சுடுகிறவன் இருக்கிறான், செத்துக் கிடக்கிறவன் இருக்கிறான், அவனைத் தூக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். மோப்ப நாய்கூட இருக்கிறது. கையில் பையோடு ஒரு பெண் இல்லை. சும்மா நடந்து போகிற ஆள் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அத வச்சு என்ன சார் ஆடுவீங்க?" என்றார் கடைக்காரர். அத்தானுக்குக் கூடப்பிறந்தவராக இருப்பார் போல.

மார்ச் 9, சனி

பொம்மை ரயில் விற்கிற கடையில் பொதுமக்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். பெட்டி தூக்கியவர்கள், பெஞ்சில் தூங்குகிறவர்கள், கொட்டாவி விடுகிற ஒரு ஆள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சோல்ஜர் பக்கத்தில் நிறுத்தினால் அவன் இடுப்புக்குத்தான் வருகிறார்கள். கட்டட மாடல்களில் வைக்கிற ஆட்கள் உயரம் சரி. ஆனால் வெள்ளை வெளேரென்று, முகமே இல்லாமல், தீக்குச்சிக்குக் கை முளைத்த மாதிரி. இதைக் கொண்டுபோனால் அத்தான் வாரம் முழுக்கச் சிரிப்பார்.

கேக் மேல் வைக்கிற கல்யாண ஜோடியையும் பார்த்தேன். ஆட்டத்தில் அவர்கள் டாங்கியைவிட உயரமாக இருப்பார்கள்.

மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஊர்ச்சனத்தைக் காப்பாற்றவா, அண்ணனைத் தோற்கடிக்கவா என்று கேட்டாள் என் மனைவி. அத்தானை அவள் அண்ணன் என்றுதான் சொல்வாள். இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

மார்ச் 13, புதன்

ஒரு கம்பெனியில் 'பொதுமக்கள், 28' என்றே போட்டிருந்தார்கள். வரவழைத்துவிட்டேன். அத்தான், உங்களுக்கு இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

பார்சலைப் பிரிக்காமலே கொண்டுபோனேன். எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும் என்று ஆசை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தக் கம்பெனிக்காரன் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறானாம். கண்ணுக்கு மேலே நெற்றி, முடி, முக்காடு, தலையில் கூடை, எல்லாம் கணக்கில் வராதாம். அத்தான் ஒவ்வொன்றாகக் குச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவசரமே படவில்லை. எல்லோரும் கோட்டைத் தாண்டி நின்றார்கள். கை கால் வேறு உலக்கை மாதிரி. கூடைக்காரி நினைத்தால் தளபதியை ஒரு கையால் தூக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போவாள்.

"ஜன்னலுக்கு அளவெடுக்கிறதுதான் நீ பாக்கிற வேலையே?" என்றார்.

திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறவனிடம் இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொம்மைகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். அக்கா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

இன்றைக்கு ஒரு வீட்டில் நான் அளவெடுத்த திரை தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கியது. முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். அதுவும் அத்தானால்தான்.

மார்ச் 30, சனி

அக்கா போன் பண்ணி வரச் சொன்னாள். அவர் வெளியே போயிருந்தார். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு ட்ரேயை எடுத்து முன்னால் வைத்தாள்.

அதில் ஒரு ஊரே நின்றது.

அத்தான் உபரியாக வாங்கிப் போட்டிருந்த சோல்ஜர்களை எடுத்துத் துப்பாக்கியை வெட்டி, ஹெல்மெட்டை ராவி எடுத்து, களிமண் மாதிரி ஒரு பசையை வைத்துப் பாவாடை, முக்காடு, தொப்பி எல்லாம் செய்திருக்கிறாள். அதே அச்சில் வந்த உடம்பு, அப்புறம் அளவு எப்படித் தப்பும்? எனக்கு இது தோன்றவே இல்லை. துப்பாக்கி பிடித்திருந்த கை மட்டும் நீட்டியபடியே நிற்கும் இல்லையா, அதற்காக ஒவ்வொரு கையிலும் எதையாவது கொடுத்திருக்கிறாள். ஒருத்திக்குக் குழந்தை. ஒருவருக்கு ரேடியோ. ஒரு கிழவர் நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறார். ஊரையே விட்டுப் போகும்போது நாற்காலி எதற்கு என்று கேட்டேன். "அவருக்கு முட்டி வலிடா, வழியில உக்காரணும்ல" என்றாள்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தானுடைய சொந்த ஆட்களை வைத்தே அத்தானைக் கவிழ்க்கப் போகிறேன். அதைச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை, தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குச்சி வந்தது, எல்லோரும் கோட்டுக்குச் சரியாக நின்றார்கள். அத்தான் நாற்காலிக் கிழவரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவாடைக்குக் கீழே, வேட்டிக்குக் கீழே, எல்லார் காலிலும் ராணுவ பூட்ஸ். அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "நம்ம பசங்களாச்சே இவங்க" என்றார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கிழவரை ரொம்பப் பதமாகக் கீழே வைத்தார்.

டாக்டர் ஊர்ச்சனத்தை நகர்த்தினார். அத்தான் இந்தக் கரையில் டாங்கியோடு. நான் அந்தக் கரையில் ஒரே ஒரு பீரங்கியோடு. ஊர்ச்சனம் பாலத்தில் ஏறியதும் டாங்கி அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அவர் நின்றார். அடுத்த முறையும் நின்றார். பகடையைத் தொடவே இல்லை. ஊர்ச்சனம் என் கரையைத் தொட்டுவிட்டால் பின்னாலேயே டாங்கியும் வந்துவிடும், நான் காலி. மறுபடியும் அவர், மறுபடியும் முதுகில் தட்டு.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். பாலத்தைத் தகர்த்தால் டாங்கி வர முடியாது, தடுத்ததற்கான புள்ளி எனக்கு. பாலத்தின் மேல் இருக்கிறவர்களுக்கான புள்ளியைக் கழித்தாலும் நான்தான் மேலே. விதியை எழுதியவனே நான்.

பாலத்தைச் சுடுகிறேன் என்றேன். பகடையில் ஆறு விழுந்தது.

டாக்டர் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. கணக்குப்படி நான்தான் ஜெயித்தேன் என்று மெதுவாகச் சொன்னார். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. டீ போடக் கீழே போய்விட்டு மேலே வந்த அக்கா மேசையைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள், விழுந்தவர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கினாள்.

"நீயாடா சுட்ட?"



ஏப்ரல் 8, திங்கள்

பிளாஸ்டிக். வெறும் பிளாஸ்டிக். போன மாதம் அத்தான் கடைத்தெருவையே இடித்துத் தள்ளினாரே, அப்போது யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களா? ஆள் இல்லையாம். நான் ஆள் கொண்டுவந்தேன், அதனால் நான் குற்றவாளி. நல்லா இருக்கே நியாயம்! விதியில அப்படித்தானே இருக்கு? நான் என்ன பொய்யாட்டமா ஆடினேன்? ஜெயிச்சவனுக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?

முதுகில் தட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். போன வாரம் என் ஆட்டத்தைத்தான் ஆடினார்களாம். இந்த ஞாயிறும் அதேதானாம். இதுவரை ஆடியதிலேயே நல்ல ஆட்டம் என்று அத்தான் சொன்னாராம். அதை என்னிடம் சொல்ல மாட்டார், டாக்டரிடம் சொல்வார். விதியில் ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள்: ஊர்ச்சனத்தைச் சுட்டவன் அதோடு தோற்றான், கூட்டல் கழித்தல் கிடையாது. யார் பேரைச் சொல்லி அந்த விதியைப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பிறகு அக்காவும் போன் பண்ணினாள். விழுந்தவர்களுக்கு மறுபடி பெயின்ட் அடித்துவிட்டாளாம். "வாடா. அவங்கள நகத்த ஆள் வேணும்" என்றாள். பீரங்கி இல்லையா என்று கேட்டேன். அது டாக்டருக்காம். எனக்கு ஊர்ச்சனம் மட்டும்.

வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

போனேன்.

ஊர்ச்சனத்தை நகர்த்துவது போல எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை. ஒரு முறைக்கு நாலு அங்குலம். ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். குழந்தைக்காரியை வைத்தால் ரேடியோக்காரர் சாய்வார். கிழவருக்கு மூன்று அங்குலம்தானாம், முட்டி வலிக்காக. அது அக்கா போட்ட விதி. அவரை விட்டுவிட்டு மற்றவர்களை முன்னால் கொண்டுபோகலாம். கொண்டுபோகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. எல்லாரும் அவரோடு சேர்ந்து மெதுவாகப் போனார்கள்.

பாதிப் பாலத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அத்தானுடைய டாங்கி தெருமுனையில். எதிர்க்கரையில் டாக்டருடைய பீரங்கி மறைவே இல்லாமல் நின்றது. நடுவில், நேர்கோட்டில், என் ஆட்கள். எங்கள் விளையாட்டில் பீரங்கியைக் குறிவைத்த டாங்கிக் குண்டு, பெரிய எண் விழுந்தால்தான் நடுவில் நிற்கிற ஆளைத் தொடும். நானாக இருந்தால் போட்டுப் பார்த்திருப்பேன். அவர் கையில் பகடை இருந்தது. குலுக்கிக்கொண்டே இருந்தார். நான் கிழவர் மேல் கையை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்தேன். போடுங்க, போட்டுத் தொலைங்க, நீங்களும் என்னை மாதிரிதான்னு எல்லாரும் பாக்கட்டும் என்றுதான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பகடையை மேசை ஓரத்தில் வைத்தார்.

"நீ நகத்து மாப்ளே. பெரியவர் வரட்டும்."

வந்தார். எல்லாரும் வந்தார்கள். கடைசி ஆள் கரையேறியதும் டாக்டருடைய முறை வந்தது, டாங்கியை அடித்து முடித்துவிட்டார். அத்தான் தோற்றுப்போனார், சிரித்துக்கொண்டே டாக்டர் முதுகில் தட்டினார். அக்கா எனக்கு ஒரு கப் டீ கொடுத்து, குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

அவர் சுட்டிருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.