மதகுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய ஓவர்டிரைவ்

1. நான், த. நாகராசன், தஞ்சாவூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞராகத் தொழில் செய்து ஓய்வை நெருங்கியவன். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே நம் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை உன்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவன்.

2. இதில் எழுதியிருப்பவை நான் நேரில் கண்டவையும் கேட்டவையும். நேரில் காணாதது ஒன்றே ஒன்று. அதை அந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் என் மகள் வீட்டுக்கு ஏற்காடு போனேன். வாடகைக் கார், தானாகக் கியர் மாறும் பழைய வண்டி. மலையடிவாரத்து மதகு தெரிந்ததும், ஓட்டுநர் கியர் தண்டின் பக்கவாட்டில் இருந்த சிறு பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். முன்னால் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"ஓவர்டிரைவ ஆஃப் பண்ணிட்டேன் சார். ஏத்தத்துல அது இருந்தா வண்டி இழுக்காது."

மதகை இன்னும் தாண்டவில்லை என்பதைக் கவனித்தேன். மூன்றாவது வளைவு வரும்வரை சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வளைவில்தான் நீ ஓட்டிய, நம் ஊர்ப் பண்ணையாரின் லாரி எண்பது மூட்டை அரிசியோடும் உன்னோடும் பின்னோக்கி உருண்டது. நான் நேரில் காணாதது இதுதான். மலைப்பக்கத்துப் பாறையில் முட்டி நின்றது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இந்த மடலை ஐம்பது ஆண்டுக்கு முன்பே எழுதியிருப்பேன்.

அது எந்தக் காலம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்டு வரப்புதோறும் செங்கொடி நின்ற காலம். பண்ணையாட்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று அரசு சட்டம் செய்து, தாசில்தார் அலுவலகத்தில் மனுக்கள் குவியத் தொடங்கியிருந்தன. உன் அப்பா காலத்திலிருந்து நீங்கள் இருந்த வீடு பண்ணையின் மனையில். உன் கையில் இருந்த ஸ்டீரிங்கும் பண்ணையுடையது. மனைக்கு மனுப் போடு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்க்கலாம் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் பண்ணையின் காரியக்காரர் முத்திரைத்தாளோடு உன் வாசலுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"கையெழுத்தப் போடுப்பா. ஐயா பெரிய மனசு பண்ணி போலீசு வரைக்கும் போகாம வச்சிருக்காரு."

நான் வாங்கி உரக்கப் படித்தேன். லாரியைக் கவனக்குறைவாக ஓட்டினேன் என்பது முதல் பாதி. அதற்குப் பரிகாரமாக மனையின் மீது எந்த உரிமையும் கோராமல் வீட்டை ஒப்படைக்கிறேன் என்பது மறு பாதி. உன் மனைவி செல்லம்மாள் அரிவாள்மணையிலிருந்து எழுந்து வந்தாள்.

"பெரிய மனசு இருக்கட்டுங்க. வீட்டக் காலி பண்ணணும்னு நடுவுல எழுதியிருக்கே, அது எந்த மனசுங்க?"

"பொம்பள பேசுற எடமா இது?"

"என் வீட்டு வாசலுங்க இது. நான் பேசாம ஒங்க ஐயா வீட்டுப் பொம்பளைங்களா வந்து பேசுவாங்க?"

காரியக்காரர் எட்டு நாள் கெடு வைத்துப் போனார். நான் உனக்குச் சொன்ன சட்ட ஆலோசனை ஒரே வாக்கியம்: எதையும் ஒத்துக்கொள்ளாதே. நீ தலையை ஆட்டவில்லை. "எடத்தப் பாக்காம பேசாதடா வக்கீலே" என்றாய்.

அதனால் இருவரும் சேலம் போய் மலைக்குப் பஸ் ஏறினோம். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவர் கை போகும் முன்பே நீ ஒவ்வொரு கியரையும் அறிவித்தாய். "இப்பக் கொறைக்கணும்... கொறைச்சுட்டாரு. அடுத்தது வளைவுக்கு முன்னாடி..." அவர் எவ்வளவு நேரம் பொறுப்பார்!

"யோவ், நீ டிக்கெட் எடுத்தியா, ஸ்டீரிங்க எடுத்தியா?"

"டிக்கெட்தாங்க. ஒங்க கையப் பாக்கத்தான் எடுத்தேன்."

பஸ்ஸே சிரித்தது. ஆனால் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: முதல் கியர் மாற்றம், மதகுக்கு முன்னால்.

மூன்றாவது வளைவில் இறங்கி மதகுவரை திரும்பி நடந்தோம். உன் லாரியின் ஐந்தாவது கியர்தான் ஓவர்டிரைவ். இஞ்சின் நிதானமாகச் சுற்றும், சக்கரம் வேகமாக ஓடும். சமதளத்தில் டீசல் மிச்சம், ஏற்றத்தில் இழுவை இல்லை. இதை எனக்குப் புரியும்வரை விளக்கிவிட்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்தாய்.

"நம்ம ஊர்ல ஏத்தம்னா என்னடா? வாய்க்கால் பாலம். வேகமா வந்தா ஓவர்டிரைவுலயே ஒரே இழுப்புல ஏறி எறங்கிடும். பதினோரு தடவ இந்த மலைக்குப் பயந்து பயந்து வந்தேன், மதகுக்கு முன்னாடியே ஓவர்டிரைவ எடுத்துட்டு நாலுக்கு எறக்குனேன். அன்னைக்கு வண்டி நல்லா ஓடிச்சு. பாலம் மாதிரி நெனச்சுட்டேன்."

"எங்கடா எடுத்த?"

"ரெண்டாவது வளைவு தாண்டி, வண்டிக்கு மூச்சு வாங்குனப்புறம். அப்ப எடுத்தா கியர் விழாதுடா. நாலுக்கும் வரல, மூணுக்கும் வரல. நின்னுச்சு. உருண்டுச்சு. தெம்பா ஓடுறப்பவே எடுத்திருக்கணும்."

சாட்சி யாரும் இல்லை, இதை வெளியே சொல்லாதே என்றேன். அப்போது நீ சொன்னதை அன்றே எழுதி வைத்தேன். அந்தத் தாள் இப்போது என் எதிரே இருக்கிறது.

"தப்பு என்னோடது. வீடு எங்களோடது. ரெண்டையும் எதுக்குடா ஒரே தாள்ல எழுதணும்?"

நான் படித்த சட்டப் புத்தகம் எதிலும் அந்தக் கேள்வி அவ்வளவு நேராக இருந்ததில்லை. கெடு முடியும் முன் இரண்டு தாள்கள் தயாராயின. முதலாவது, மதகுக்கு முன் எடுத்திருக்க வேண்டிய ஓவர்டிரைவை இரண்டாவது வளைவுக்குப் பின் எடுத்தேன் என்று பண்ணைக்கு நீ எழுதிக்கொடுத்த வாக்குமூலம். அதில் மனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவது, தாசில்தாருக்கு மனைப் பட்டா கேட்கும் மனு. அதில் லாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனுவில் நீ கையெழுத்திட்டாய், செல்லம்மாள் கைநாட்டு வைத்தாள்.

உன் வேலை போயிற்று. மனை விசாரணையில் காரியக்காரர் முதல் தாளைத் தூக்கிக் காட்டி, "தப்ப ஒத்துக்கிட்ட ஆளுங்க இவன்" என்றார். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "அது லாரி விஷயம். மனையில யார் குடியிருக்காங்க? அத மட்டும் சொல்லுங்க." காரியக்காரர் தாளை மடித்தார். ஆணை உங்கள் பெயருக்கு வந்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் பிறருடைய லாரிகளை எத்தனையோ மலைகளில் ஏற்றினாய். ஒன்றுகூடப் பின்னால் உருளவில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ போய் இரண்டு ஆண்டாகிறது. ஏற்காட்டிலிருந்து நான் திரும்பிய மறுநாள் செல்லம்மாள் ஒரு வக்கீல் நோட்டீஸோடு வந்தாள். பண்ணையாரின் பேரன் அனுப்பியது: மனை ஆக்கிரமிப்பாம், முப்பது நாளில் காலி செய்ய வேண்டுமாம். பழைய வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்தேன். தாசில்தாரின் ஆணை இருக்கிறது. ஆனால் கிராமக் கணக்கில் இன்றுவரை பண்ணையின் பெயர்தான். ஆணையைக் கொண்டுபோய்க் கணக்கில் பெயரை மாற்றும் வேலையை நான் ஏற்றிருந்தேன். செய்யவில்லை. ஆணை கைக்கு வந்துவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று அடுத்த வழக்குக்குப் போய்விட்டேன். வண்டி நன்றாக ஓடியது. நான் பாலம் என்று நினைத்துவிட்டேன்.

கணக்குப் பிழையை அலுவலகத்தின் மீது சுமத்தலாம் என்று என் ஜூனியர் சொன்னார். எளிது, அங்கே அன்றிருந்தவர் எவரும் இன்று இல்லை. வேண்டாம் என்றேன். முப்பது நாளில் நான்குதான் கழிந்திருக்கின்றன. எடுக்க வேண்டியதைத் தெம்பிருக்கும்போதே எடுக்கிறேன். திங்கட்கிழமை காலை இரண்டு தாள்களோடு தாசில்தார் அலுவலகத்தில் நிற்பேன். ஒன்று, பெயர் மாற்றம் செய்யத் தவறியது என் தவறு, மனுதாரரின் தவறன்று என்ற என் உறுதிமொழிப் பத்திரம். மற்றொன்று, ஆணைப்படி செல்லம்மாள் பெயரைக் கணக்கில் ஏற்றக் கோரும் மனு.

முதல் தாளைப் படித்துக் காட்டியபோது செல்லம்மாள் கேட்டாள்: "இப்புடி எழுதிக் குடுத்தா ஒங்க பேரு கெட்டுப்போவாதாண்ணே?"

"கெடட்டும்மா. அது என் தாள். வீடு உன் தாள்ல இருக்கு."

அவள் பேனாவைக் கேட்டாள். கைநாட்டுக்கு மை டப்பாவை நகர்த்தப் போன என் கையைத் தள்ளினாள். கையெழுத்துப் போட உன் மகள் கற்றுக்கொடுத்தாளாம். பெயரின் ஆறு எழுத்தையும் அவசரப்படாமல் எழுதினாள். இந்த மடலையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்ததும், இதற்கும் சாட்சி வேண்டும் என்று பேனாவைத் திருப்பித் தரவில்லை.

மேலே கண்டவை யாவும் உண்மை. நீ கேட்டிருந்தால் ஒரு வரிகூட மாற்றச் சொல்லியிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) த. நாகராசன்
தஞ்சாவூர்

சாட்சிகள்:
1. செல்லம்மாள், உன் மனைவி (கையெழுத்து)
2. மலர்விழி, உன் மகள் (கையெழுத்து)