இருபத்திரண்டாவது தையல்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். கோபத்தில் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். என் முறை வருவதே இல்லை. கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடையில் பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பட்டனுக்குக் காஜா எடுக்க ஆள் இல்லை. வலது கையை இப்போது தோள் வரை தூக்க முடிகிறது. அடுத்த பரிசோதனைக்கு ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண்காட்சியில் இருக்கும் படத்தை இறக்கச் சொல், இல்லாவிட்டால் மகள் படிப்பை நிறுத்து என்கிறீர்கள். படமும் இறங்காது, படிப்பும் நிற்காது.

உங்கள் அக்கா பாதிதான் சொல்லியிருக்கிறார். மகள் படிக்கும் ஓவியக் கல்லூரிக்கு அண்ணியும் நானும் சேர்ந்துதான் போனோம். கூடம் முழுக்கக் களிமண் தலைகள், கம்பியில் தொங்கும் காகிதங்கள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று இது என்ன என்று அண்ணி கேட்டார். நானும் தெரிந்த மாதிரி ஏதேதோ சொல்லி வைத்தேன். கடைசிச் சுவரில் நம் மகள் கரியால் வரைந்த படம், ஆள் உயரத்துக்கு. தையல் மெஷின் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன், இடுப்புக்கு மேல் துணி இல்லாமல். இடது பக்கம் மார்பு, வலது பக்கம் ஆபரேஷன் தழும்பு. முகமும் என் முகமேதான், மூக்குக் கண்ணாடி உட்பட.

அண்ணி தன் சால்வையை எடுத்துப் படத்தின் மேல் போட்டார். "நாலு பேர் பாக்குற இடத்துல பெத்தவளை இப்படியா நிறுத்துவா?" என்றார். நான் சால்வையை எடுத்து, மடித்து, அவர் கையிலேயே கொடுத்தேன். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. நான்தான் மூணு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கொடுத்தேன்" என்றேன். இதை மட்டும் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பிறகு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். தொழில் புத்தி போகுமா? தையல் தடங்களை எண்ணினேன். இருபத்தொன்றுதான் இருந்தது. டாக்டர் போட்டது இருபத்திரண்டு. கண்ணாடி முன்னால் நின்று எத்தனை தடவை எண்ணியிருப்பேன். "ஒண்ணு குறையுதுடி" என்று பக்கத்தில் நின்ற மகளிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. சுவரில் மாட்டிய பிறகு படத்தில் கை வைக்கக் கூடாது என்பது விதி என்றார் அங்கிருந்த அவளுடைய பேராசிரியர். என் உடம்பில் எத்தனை என்று விதிக்குத் தெரியாதே ஐயா என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்த கரித்துண்டை அவளிடம் நீட்டினார். அக்குளை ஒட்டி அந்தத் தடமும் இப்போது இருக்கிறது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு விடுமுறையில் வந்து இருபது நாள் இருந்தீர்கள். எனக்குக் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போனீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று போகிறீர்கள் என எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குக் கூச்சமே இல்லை. நீங்கள் போனதுதான் வலித்தது. மகள்தான் கட்டைப் பிரித்தாள், மருந்து போட்டாள், முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள். வரையட்டுமா என்று அவள் கேட்டபோது அதனால்தான் சரி என்றேன்.

ஊரார் பார்க்கிறார்களே என்று கொதிக்கிறீர்கள். ஊரார் பார்த்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஆறாதது அதில்தான்.

கண்காட்சி மாதக் கடைசி வரை இருக்கிறது. உங்கள் விடுமுறை இருபதாம் தேதி தொடங்குகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கல்லூரிக்கு வாருங்கள், வாசலில் நிற்கிறேன். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நல்லபடியாக வந்து சேருங்கள். படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போகலாம். அன்றைக்கு நான் உடை மாற்றும்போது அறையை விட்டுப் போகாதீர்கள்.

என்றும் உங்கள்,
மனைவி