புதன்கிழமை முறை

புரட்டாசி 9, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். நாற்றங்காலுக்கு உரம் போடவில்லை. பல் வலி என்று ஊரில் சொல்லிவிட்டு, பாபநாசத்தில் பஸ் பிடித்துத் தஞ்சாவூரில் அரசு வக்கீலம்மா ஆபீஸ். மறுபடி வாய்தாவாம்.

மணல் லாரியை மறித்தான் என்று முருகேசன் கையை முறித்தார்களே, அந்தக் கேஸ். நான் அதில் ‘நாலாவது சாட்சி’. பெயர் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. நீதிபதியிடம் நான் சொன்னது சீல் வைத்த கவரில். நகல் வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல், கூடாது என்று இந்தம்மா. எத்தனை மாதமாக இதே பாட்டு! நான் சொன்னதை ஒருமுறை படிக்கட்டுமா என்றால், எனக்கே காட்ட மாட்டார்களாம். நல்ல கூத்து.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரி. “எந்தப் பல்லு?”

13, செவ்வாய்

வக்கீலம்மா போன். நகல் விஷயம் முடிவாகிவிட்டது. பெயர், ஊர், வீட்டுக்காரர் பெயர் எல்லாம் கறுப்பு மை பூசி நகல் கொடுத்தாயிற்றாம். கவலைப்படாதீங்க என்றார். மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். படித்தார்.

“அன்னைக்குப் புதன்கிழமை விடியக்காலை, எங்க முறை. மடையைத் திறந்துவிட்டு வரப்புல நின்னேன்…”

வாய்க்கால் தண்ணீர் எந்தக் கிழமை யார் வயலுக்கு என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“மேடம், அதுதாங்க என் பேரு,” என்றேன்.

இத்தனை சீல், இத்தனை வாய்தா, இத்தனை மை. சை!

14, புதன்

மடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே மணல் மூட்டை போட்டு அடைத்திருக்கிறது. பக்கத்திலேயே ராஜேந்திரன். அவர் மகன்தான் இந்தக் கேஸில் முதல் எதிரி.

“பல் வலி போச்சாம்மா?” ரொம்ப அன்பாக. பிறகு, “நாலாவது சாட்சின்னு யாரோ இருக்காங்களாம். நீ பார்த்தா சொல்லு. கோர்ட்டுல தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா, தண்ணி தானா வரும்.”

பயமாகத்தான் இருந்தது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து போன்: நமக்கெதுக்கு வம்பு, பல்டி அடிச்சிடு. போனை வைத்துவிட்டேன்.

18, ஞாயிறு

நாற்று நுனி பழுக்கிறது. பக்கத்து போர்செட்டில் கேட்டால் மோட்டார் ரிப்பேராம். எல்லார் மோட்டாரும் ஒரே நாளில் ரிப்பேர்.

முருகேசன் வந்தான். அந்தக் கையால் சோற்றுத் தட்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை. எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது அனுப்பியிருப்பேன்.

21, புதன்

தூறல். எங்கள் முறை நாளிலேயே கோர்ட். கூண்டைச் சுற்றிப் பச்சைத் திரை, யாரும் என்னைப் பார்க்கக்கூடாதாம். திரைக்கு அந்தப் பக்கம் ராஜேந்திரன் இருமுகிற சத்தம்.

திரையை எடுத்துவிடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்லுங்கம்மா என்றார் நீதிபதி. யோசித்தாயிற்று என்றேன். எடுத்தார்கள். பெயர் கேட்டார்.

“தமிழரசிங்க. புதன்கிழமை முறை எனக்கு.”