உங்கள் பெயரில் விளையாடினவன்

சனிக்கிழமைகளில் எனக்கும் சேர்த்து மட்டன் ரோல்ஸ் வாங்கிவந்த என் அத்தானுக்கு,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. நேரமில்லை என்று சொல்லலாம். ஆனால் செத்த மனுசனிடம் பொய் சொல்லி என்ன லாபம்? வெட்கம், அத்தான். இப்போதும் அதே வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பாபகூரா வீட்டில் அக்கா சுகமாக இருக்கிறா. உங்கள் கறிவேப்பிலைக் கன்று இந்த நாட்டுக் குளிரில் பட்டுப்போகும் என்று பயந்தோம், யன்னலோரம் தூக்கி வைத்தபடியால் தப்பிவிட்டது. நான் மங்கரேயில் அதே கார்கோ ஷெட்டில்தான் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நீங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த வேலை. அதையாவது இன்னும் கெடுக்கவில்லை.

நீங்கள் பந்தயம் கட்டுகிற விதம் எனக்கு எப்போதும் சிரிப்புத்தான். சனிக்கிழமை கிரிக்கெட் இருந்தால் போனில் ஒரேயொரு பந்தயம், ரோல்ஸ் வாங்குகிற காசளவு. மட்ச் தொடங்கியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவீர்கள். "தோத்தா இண்டைக்கு ரோல்ஸ் இல்லை, அவ்வளவுதான். விட்டதைப் பிடிக்கப் போறவன் வீட்டையும் விட்டிட்டுத்தான் வருவான்" என்பீர்கள். நானும் பந்தயக் கணக்குத் திறந்தபோது பக்கத்தில் இருந்து, கிழமைக்கு இவ்வளவுதான் என்று உங்களுடைய அதே லிமிட்டை எனக்கும் போட வைத்தீர்கள்.

"சின்னப்பிள்ளைக்குக் கேட் போடுற மாதிரியெல்லோ போடுறியள்?" என்று கேட்டேன்.

"எனக்கும்தானடா போட்டு வைச்சிருக்கிறன்" என்றீர்கள்.

பிள்ளை இல்லாத உங்களுக்கு நான்தான் கிரியை செய்தேன். கொள்ளி வைக்கிறதற்குப் பதிலாக இங்கே தகனசாலையில் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். பிறகு அக்கா உங்கள் கடதாசிகளையெல்லாம் என்னிடம் தந்தா. "உனக்குத்தான் இங்கிலீசிலை கதைக்கத் தெரியும், நீயே எல்லாத்தையும் மூடிவிடு. போனை மட்டும் விடு, தம்பி. ஊரிலையிருந்து ஆரும் எடுப்பினம்." வங்கி, கரண்ட், கார் இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாக மூடினேன். பந்தயக் கணக்கை மூடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை, அத்தான்.

ஒருநாள் ஷெட்டில் ஸ்மோக்கோ என்கிற தேத்தண்ணி இடைவேளை. என் லிமிட் திங்கட்கிழமையே முடிந்துவிட்டது, மட்ச் போய்க்கொண்டிருந்தது. உங்கள் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். தெருமுனை டெய்ரிக் கடையில் காசு ஏற்றுகிற ஒரு வவுச்சர் வாங்கி உங்கள் கணக்கில் போட்டேன். இந்த ஒருமுறைதான் என்று சொல்லிக்கொண்டேன். தோற்றேன். விட்டதைப் பிடிக்கப் போனேன்.

பிறகு உங்கள் லிமிட்டும் எனக்குப் போதாமல் போனது. கூட்டச் சொல்லிக் கேட்டால் உடனே கூட்டமாட்டார்கள், ஒருநாள் பொறுக்க வைப்பார்கள். அடுத்த நாள் உங்கள் பெயர் சொல்லி, நிச்சயமாகக் கூட்டவேண்டுமா என்று திரையில் கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். உங்களுக்குக் கிரியை செய்த கையாலேதான் அதையும் அழுத்தினேன்.

வீட்டுக்குக் கொடுக்கிற காசு குறைந்தபோது, ஷெட்டில் ஷிஃப்ட் வெட்டிவிட்டார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவ தன் கிளீனிங் வேலையில் இன்னொரு இடத்தையும் சேர்த்துக்கொண்டா. முழங்கால் வலியோடு காலையில் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். அக்கா குசினியிலிருந்து உங்கள் போனோடு வந்தா.

"தம்பி, ஒரு பிள்ளை எடுத்தவ. அத்தானைக் கேட்டவ."

"என்னவாம்?"

"எனக்கு முழுக்க விளங்கேல்லை. போன கிழமை அவர் கனக்க விளையாடினவராம். அதாலை கவலையாம். சுகமா இருக்கிறாரோ எண்டு கேட்டவ." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கையும் பிழை நடந்திருக்குமோ, தம்பி?" என்றா.

அளவுக்கு மிஞ்சி விளையாடுகிறவர்களை அந்தப் பந்தயக் கம்பனி கூப்பிட்டு விசாரிக்கும். அது எனக்குத் தெரியும், அவவுக்குத் தெரியாது. உங்கள் உடலைக் குளிப்பாட்டிச் சால்வை போர்த்துவிட்டவ அவ. ஆனால் அந்த ஒரு நிமிடம் அவவின் முகம் இருந்த விதத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? எந்த நப்பாசையை நான் கிளறிவிட்டேன், அத்தான்?

"நான்தான், அக்கா" என்றேன்.

"அவற்ற பேரிலையோ?"

"ஓம்."

அக்கா போனைத் துடைத்துச் சார்ஜில் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவவைப் பக்கத்தில் இருத்தி, ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கம்பனிக்கு எடுத்தேன். நீங்கள் இறந்துவிட்டீர்கள், விளையாடியது நான் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை துக்கம் விசாரித்துவிட்டு, உன் கணக்கையும் நீ திரும்பத் திறக்க முடியாதபடி பூட்டட்டுமா என்று என்னைக் கேட்டா. நான் யோசித்தேன். அந்த நேரத்திலும் யோசித்தேன், பாருங்கள்.

இங்கிலீசில் ஆரோடும் போனில் கதைக்காத அக்கா குனிந்து, "பிளீஸ் க்ளோஸ். போத்" என்றா.

பூட்டியாயிற்று. வியாழக்கிழமைகளில் ரெயில் எடுத்து நகர மையத்துக்குப் போகிறேன். என்னைப் போல் பந்தயத்தை விடமுடியாதவர்களோடு இருந்து கதைக்கிற ஒருவர் அங்கே இருக்கிறார். கை இன்னும் போனுக்குப் போகிறது. சம்பளம் இப்போது நேரே அக்காவின் கணக்குக்குப் போகிறது, நான் கேட்டுத்தான். அவ அந்த இரண்டாவது வேலையை இன்னும் விடவில்லை. என்னை நம்பி விட அவவுக்குப் பயம். அதில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நேற்று, கன நாளைக்குப் பிறகு, சாப்பாடு போட்டுக்கொண்டே அவவாகக் கதைத்தா. "ஆட்டைத் திவசம் வருகுது, வருசம் முடியுதெல்லோ. ஐயருக்கு அவற்ற பேரும் நட்சத்திரமும் சொல்லவேணும்."

"வேறை ஆரையும் கேப்பமோ, அக்கா? என்ர வாயாலை அந்தப் பேரை..."

"நீ கெடுத்த பேர்" என்றா. "நீதான் சொல்லவேணும்." சோற்றின் மேல் இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றிவிட்டுப் போனா.

சொல்கிறேன், அத்தான். அன்றைக்குத் தலைமுழுகி, ஐயருக்கு முன்னால் இருந்து, அக்காவுக்குக் கேட்கிற மாதிரி உங்கள் பெயரைச் சொல்வேன். அதைத் தவிர வேறு எந்த இடத்திலும், எந்த அலுவலுக்கும், உங்கள் பெயரை என்னுடையதாக இனிச் சொல்லமாட்டேன்.

உங்கள் மச்சான்,
குகன்