வீட்டுத் தராசு காட்டிய எழுபத்தெட்டு

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு இங்கே சௌக்கியமாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எங்களைவிடக் கூடுதல் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவர் எதற்குத் தாள் எடுத்து எழுதுகிறார் என்று யோசிப்பாய். போன் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், இது அவளைப் பற்றிய சமாசாரம். தவிர, போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் மீதியைச் சொல்ல எனக்கு வராது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். டாக்டர் சொன்ன எழுபத்தெட்டு கிலோவுக்கு நான் இன்னும் வரவில்லை. வந்துவிட்டேன் என்று போன மாதம் உன்னிடம் சொன்னது தப்பு. பொய் இல்லை, தப்பு. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது, என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் வந்தபோது நாம் எல்லோரும் எவ்வளவு குதித்தோம் என்று உனக்கே தெரியும். அறுவை டாக்டர்தான் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவ்வளவு கொழுப்போட உங்களைக் கீறினா உங்களுக்கே ஆபத்து, எழுபத்தெட்டுக்கு வாங்க, அப்புறம் தேதி பாக்கலாம் என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரித் தராசு எண்பத்தேழு காட்டியது. வீட்டுக்கு வந்து நம் குளியலறையில் கிடக்கிற முள் தராசில் ஏறினேன், எண்பத்து மூன்றரை. ஆஸ்பத்திரித் தராசு கெட்டுக் கிடக்கிறது, யாரும் சர்வீஸ் செய்வதில்லை, நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருடமாகத் தராசு ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனுக்கு வேறு எப்படித் தோன்றும்.

நீ அனுப்பிய மூன்று சாப்பாட்டுத் திட்டங்களையும் அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினேன். உன் மாமா நாலாவதாக ஒன்று கொண்டுவந்தான், பச்சைக் கீரைச் சாறு, காலையில் ஒரு ஜாடி மாலையில் ஒரு ஜாடி, வேறெதுவும் கிடையாது, அவனுக்குத் தெரிந்த ஒருவருக்கு இருபதே நாளில் தொந்தி இருந்த இடம் தெரியவில்லையாம். உன் மாமாவுக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்த உலகத்தில் நடக்காததே கிடையாது. எது நல்லது என்று உட்கார்ந்து படிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு தராசு கைக்கு வந்தால் நடுவில் மட்டும் எடைக்கல்லை வைத்துப் பார்த்து அனுப்பிவிட மாட்டேன், நாலு மூலையிலும் வைத்துப் பார்ப்பேன். நடுவில் ஒழுங்காகக் காட்டிவிட்டு மூலையில் சறுக்குகிற தராசுகள்தான் அதிகம். சாப்பாட்டுத் திட்டத்துக்கும் அப்படியே நாலு மூலை வைத்துக்கொண்டேன். கடையில் வேலை நெரிக்கிற நாள் ஒன்று, வீட்டில் சும்மா இருக்கிற நாள் ஒன்று, அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற நாள் ஒன்று, யாராவது வந்து தின்னு தின்னு என்று வற்புறுத்துகிற நாள் ஒன்று. நாலு நாளும் தாங்கினால்தான் திட்டம்.

சாறு முதல் நாளே விழுந்துவிட்டது. அம்மாவுக்கு டாக்டர் விட்டது ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான், மாத்திரை விழுங்குகிற மடக்கும் அதில் சேர்த்தி. அவள் எதிரில் உட்கார்ந்து நான் எப்படி ஜாடி ஜாடியாகக் குடிப்பது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குடித்தேன், அறுபத்திரண்டு வயதில் ஒளிந்து நின்று கீரைச் சாறு குடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்கிற திட்டம் டயாலிசிஸ் நாளில் விழுந்தது, நாலு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்துவிட்டு எழுந்தபோது கண் இருட்டி அவள் பையைக் கீழே போட்டேன், அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள், யார் நோயாளி என்று அங்கே எல்லோருக்கும் குழப்பம். சோறும் ரொட்டியும் இல்லாமல் முட்டையும் இறைச்சியுமாகத் தின்கிற திட்டம் கடை நாளில் விழுந்தது, ஒரு காய்கறிக் கடைக்காரரிடம் எரிந்து விழுந்தேன், அவர் தராசைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார். ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரும் சிறுநீரகம் குடுக்க வர்றவருக்கு இது சரிப்படாது என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது நீ கடைசியில் போனால் போகிறது என்று அனுப்பியது. அரைத் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ மீனோ, கால் தட்டு சோறோ ரொட்டியோ, இரண்டாம் தடவை கிடையாது, ஏழு மணிக்குமேல் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்க்க ஒன்றுமே இல்லாத திட்டம், ஆனால் நாலு மூலையிலும் நின்றது. மாதம் இரண்டு கிலோ மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. உன் அம்மாவின் கைதான் கொஞ்சம் தொந்தரவு, நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் இன்னொரு கரண்டி விழுந்திருக்கும், நாள் பூரா கல்லு தூக்கறீங்க என்பாள். ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் வீட்டுத் தராசு எழுபத்தெட்டுக்கு ஒரு மயிரிழை கீழே காட்டியது. உனக்கு போன் செய்தது அன்றைக்குத்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஏறினேன், எண்பத்தொன்று. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உங்க தராசு மூணு கிலோ கூடக் காட்டுது என்று நர்ஸிடம் சொன்னேன். வேணும்னா நீங்களே பாத்துச் சொல்லுங்க சார் என்றாள் அவள், சிரிக்காமல். விடுவேனா, கடைக்குப் போய் இருபது கிலோக் கல் இரண்டைத் தள்ளுவண்டியில் வைத்து, காரில் ஏற்றி, லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோய் அவர்கள் தராசில் வைத்தேன். நாற்பது. நாலு மூலையிலும் வைத்தேன். நாற்பதுதான், ஒரு துளி பிசகவில்லை. நர்ஸ் எனக்கு உட்கார நாற்காலி போட்டாள். அதே கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறைத் தராசில் வைத்தேன், முப்பத்தெட்டரையில் நின்றது.

தரையில் உட்கார்ந்து தராசைத் திருப்பி மூடியைக் கழற்றியதும் ஞாபகம் வந்துவிட்டது, அது என் கைவேலை. நீ பிறந்து ஆறு மாதத்தில் அம்மா உடம்பு இறங்கவில்லை என்று தினமும் அதில் ஏறி இறங்கி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒருநாள் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். ஆள் ஏறாதபோது முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நிற்கும், ஏறினால்தான் குறைத்துச் சொல்லும். கொஞ்ச நாளில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தவன் முப்பத்தொரு வருடம் மறந்துவிட்டேன். நீ வளர்ந்ததும் அந்தத் தராசில்தான், உன்னை ஒல்லி ஒல்லி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதையும் கொஞ்சம் கூட்டிக்கொள்.

இதை அம்மாவிடம் சொல்லப் போனேன், துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெரியும் என்றாள். எப்போதிலிருந்து என்றேன். நீங்க பண்ணின மாசமே ஆஸ்பத்திரில ஏறினப்ப தெரிஞ்சுடுச்சு, எனக்காகப் பண்ணினதுதானேன்னு கேக்கல என்றாள். அப்படியென்றால் இந்த மூன்று மாதமும் நான் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன். அங்க போனா எப்படியும் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு இருந்தேன், உங்க உடம்புலயும் கத்தி பட வேணாம், பொண்ணு உடம்புலயும் பட வேணாம், எனக்கு இந்த மெஷினே பழகிப்போச்சு என்றாள். சொல்லிவிட்டு மடித்ததையே திரும்ப மடித்தாள். அந்தக் கூடுதல் கரண்டிக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது.

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவளை டயாலிசிஸுக்குள் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அது பயம் என்று தெரிந்தது. எனக்குச் சொல்லாமலே இவள் போவதற்குத் தயாராகி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, நான் உனக்காகக் குடுக்கல, எனக்காகத்தான் குடுக்கறேன், நீ இல்லாத வீட்ல எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். இதுவரை அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் தராசைச் சரிசெய்து, கல் வைத்துப் பார்த்து, பழைய இடத்தில் போட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அப்பா தேறாவிட்டால் நான் கொடுக்கிறேன், பரிசோதனைக்கு வருகிறேன் என்று நீ எடுத்திருக்கிற டிக்கெட்டை மாற்று. ஆறு வாரம் கழித்து டாக்டர் மறுபடி ஏறச் சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு ஒரு தேதிக்கு எடு, கொடுக்க வராதே, எங்கள் இருவருக்கும் ஒரு மாதம் சமைத்துப்போட வா. எங்களுக்குத் தெரியாமல் அங்கே எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளாதே, உன் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. அதையும் தினமும் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்காதே, மாதம் ஒருமுறை போதும். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் கூனிக் கிடக்கிற மாப்பிள்ளையை நிமிர்ந்து உட்காரச் சொல்.

ஒன்று விட்டுப்போயிற்று. தராசைச் சரிசெய்த மறுநாள் காலையில் அம்மா அதில் ஏறிப் பார்த்தாள், இறங்கினாள், என்னிடம், இப்ப நீங்க ஏறுங்க என்றாள். குனிந்து முள்ளைப் பார்த்துக் காலண்டரில் தன் கையால் எழுதினாள். இப்போது தினமும் எழுதுகிறாள். நேற்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள், தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் தட்டில் போட்டதைத் திரும்ப எடுத்தது இதுதான் முதல் தடவை.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். டிக்கெட்டை மறக்காதே.

இப்படிக்கு,
இன்று காலை எண்பது கிலோ நானூறு கிராமில் நிற்கும்
உன் அப்பா